கீபோர்டையே தொடாத ஐந்து வயதுப் பையனுக்கு ‘ஐ.டி. கை’ எப்படி வந்தது?

[திரையில்: மணிக்கட்டில் பட்டை கட்டிய என் வலது கை]

வணக்கம் மக்களே. போன மாதம் இந்தக் கட்டோடு பெங்களூரில் ஒரு மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வந்த ஓர் அக்கா, மடியில் ஐந்து வயதுப் பையன். என் கையைப் பார்த்துவிட்டு, “தம்பி, உங்களுக்கும் கார்ப்பல் டனலா?” என்றார். மணிக்கட்டில் நரம்பு நசுங்கி விரல் மரத்துப்போகும் நோய் அது.

அந்த ‘உம்’தான் தூக்கிவாரிப் போட்டது. “அப்போ இவனுக்கா அக்கா?” என்று கேட்டேன். தலையாட்டினார்.

எனக்கு வந்ததில் ஆச்சரியமில்லை, பதினோரு வருடமாக எலக்ட்ரானிக் சிட்டியில் கீபோர்டு தட்டுகிறேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் கீபோர்டுக்கு எதிரான ஆதாரம் அவ்வளவு வலுவானது இல்லை. அதிரும் டிரில் மெஷின் பிடிப்பவர்கள், நாளெல்லாம் அழுத்திப் பிடித்து ஒரே வேலையைச் செய்பவர்கள், அவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். நம்ம ஐ.டி. கூட்டம் அதையும் தன் தியாகக் கணக்கில் எழுதிக்கொண்டது. கமெண்டில் திட்டுங்கள், பரவாயில்லை.

சரி, பையனுக்கு வருவோம். அக்கா ஒரு பிஸ்கட் கொடுத்தார். அவன் கட்டை விரலால் பிடிக்கவில்லை. மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வாய்க்குக் கொண்டு போனான். இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: மணிக்கட்டின் குறுக்குவெட்டுப் படம்]

மணிக்கட்டில் ஒரு சின்னச் சுரங்கம் இருக்கிறது, அதுதான் கார்ப்பல் டனல். அடியிலும் பக்கத்திலும் எட்டு எலும்புகள், மேலே கூரையாக ஒரு தடித்த தசைநார். உள்ளே விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், கூடவே கட்டை விரல் பக்கத்து விரல்களைக் கவனிக்கும் மீடியன் நரம்பும். எட்டு மணி சிவாஜிநகர் பஸ் மாதிரி. ஒன்பது பேர் தாராளமாக நின்றுகொண்டு, பத்தாவது ஆளைப் பார்த்து ‘சொல்ப அட்ஜஸ்ட் மாடி’ என்கிறார்கள். நரம்பும் அட்ஜஸ்ட் செய்யும். ஒரு அளவு வரைக்கும்தான்.

பெரியவர்களிடம் பரவலாகக் காணப்படும் இந்த நோய் குழந்தைகளுக்கு வருவதே அபூர்வம். வந்தால், அதுவும் இரண்டு கையிலும் வந்தால், மருத்துவர்கள் முதலில் சந்தேகப்படுவது பிறவியிலேயே வரும் சேமிப்பு நோய்களைத்தான். முக்கியமாக மியூகோபாலிசாக்கரிடோசிஸ், சுருக்கமாக எம்.பி.எஸ்.; அப்புறம் அதன் பங்காளி மியூகோலிப்பிடோசிஸ். எம்.பி.எஸ்.ஸில் ஹண்டர் வகையை 1917-இல் சார்லஸ் ஹண்டரும், ஹர்லர் வகையை 1919-இல் கெர்ட்ரூட் ஹர்லரும் விவரித்தார்கள். செல்லுக்குள் ஒரு வகைச் சர்க்கரைச் சங்கிலியை உடைக்க வேண்டிய நொதி இல்லை, அல்லது போதவில்லை. தெருவுக்குக் குப்பை ஆட்டோ வராத கதைதான். குப்பை அங்கங்கே சேர்கிறது. மணிக்கட்டின் கூரையிலும், தசைநாண்களைச் சுற்றிய உறையிலும் சேர்ந்து, இரண்டும் தடிக்கின்றன. பஸ்ஸில் எல்லோரும் ஒரே நாளில் குண்டாகிவிட்டார்கள் என்று வையுங்கள்.

பெரியவர்கள் ராத்திரி மூன்று மணிக்குக் கையை உதறிக்கொண்டு எழுந்து புலம்புவார்கள். குழந்தை பெரும்பாலும் புலம்பாது. விவரம் தெரியும் முன்பே மரத்துவிட்ட விரலுக்கு, மரக்காத விரல் எப்படி இருக்கும் என்று தெரியாதே. விரலைக் கடித்துக்கொண்டே இருக்கும், பட்டன் போடத் தடுமாறும், தூக்கத்தில் அழும். இந்த நோயில் மூட்டுகளும் இறுகிவிடுவதால், ‘கை விறைப்பு, அதனால்தான்’ என்று அத்தோடு விட்டுவிடுவார்கள். கட்டை விரலடிச் சதைமேடு வற்றிய பிறகுதான் பல வீடுகளில் கண்ணில் படும்.

இனிமேல் வருவதுதான் எனக்குத் தூக்கம் கெட்ட பகுதி.

அக்கா பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். “குளிப்பாட்டினா இவனுக்குச் சுண்டு விரல் மட்டும் சுருங்கும் தம்பி. மத்த விரல் வழவழன்னே இருக்கும். நல்ல தோலுன்னு நெனச்சேன்.”

தண்ணீரில் ஊறினால் விரல் சுருங்குவது ஏன்? தோல் அப்பளம் மாதிரி ஊறி உப்புவதால் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை. விரல் நனைந்ததும் நரம்பு கட்டளை போடுகிறது. நுனியில் இருக்கும் ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. உள்ளே அளவு குறைய, மேல்தோல் மடிப்பு மடிப்பாக விழுகிறது. அதாவது சுருங்குவது தோலின் வேலை இல்லை, நரம்பின் வேலை. நரம்பு அறுந்த விரல் எவ்வளவு நேரம் ஊறினாலும் சுருங்காது. 1973-இல் அயர்லாந்து மருத்துவர் ஒருவர் இதை ஒரு நரம்புப் பரிசோதனையாகவே எழுதினார். ஒரு குவளை வெந்நீர் போதும். எனக்கு இது அவ்வளவு பிடித்துப்போய், அன்று ராத்திரி வாளியில் கையை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. பழகிவிட்டது.

இப்போது பிஸ்கட்டுக்குத் திரும்புங்கள். சுண்டு விரலும் மோதிர விரலின் ஒரு பாதியும் அல்னர் என்ற வேறு நரம்பின் கணக்கு. அது அந்தச் சுரங்கத்துக்குள் போவதே இல்லை. பையன் எந்த விரல்கள் வேலை செய்கின்றனவோ அவற்றுக்கு மாறியிருக்கிறான். யாரும் சொல்லித்தரவில்லை.

ஒரு எச்சரிக்கை: நரம்பு லேசாக நசுங்கியிருந்தால் விரல் சுருங்கவும் செய்யலாம். வாளியை வைத்து முடிவு கட்டாதீர்கள். குழந்தையின் கையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பவும் வேண்டாம். நரம்பில் மின்சாரம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளக்கும் சோதனைதான் சரியான வழி.

சிகிச்சை, கூரையை வெட்டி இடம் விடும் அறுவை. எனக்கென்றால் கையை மட்டும் மரக்கச் செய்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இந்தக் குழந்தைகளுக்கு மயக்க மருந்துதான் பெரிய பயம். நாக்கிலும் தொண்டையிலும் அதே குப்பை சேர்ந்து மூச்சுப் பாதை குறுகியிருக்கும். அதனால் குடலிறக்கம், காது என்று வேறு அறுவைகள் இருந்தால், முடிந்தவரை ஒரே மயக்கத்தில் சேர்த்து முடிக்கப் பார்ப்பார்கள். இந்தச் சேமிப்பு நோய்க்காக எலும்பு மஜ்ஜை மாற்றிய குழந்தைக்கும், நொதி மருந்து ஏறும் குழந்தைக்கும்கூட இந்தக் கைப் பிரச்சினை வரலாம். கையை விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பணம்? 2021 தேசிய அரிய நோய்கள் கொள்கையின்படி சிறப்பு மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. பெங்களூரில் மனித மரபியல் மையமும் இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனமும் சேர்ந்து அப்படி ஒரு மையம். ஆனால் ஹர்லர், ஹண்டர் வகைகளுக்கு நொதி மருந்து வாராவாரம், எடைக்கு ஏற்ற அளவில், ஆயுள் முழுக்க. பிள்ளை வளர வளரச் செலவும் வளரும். இதற்கு ஒரு உச்சவரம்பு வைத்தவர் கணக்கில் எனக்கு உடன்பாடில்லை.

சப்ஸ்கிரைப் பட்டன் கீழே இருக்கிறது, எந்த விரலால் அழுத்தினாலும் சரி.

எனக்கு முந்தைய டோக்கன் அவர்களுடையது. கூப்பிட்டதும் அக்கா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். பையன் திரும்பி, மிச்சமிருந்த அரை பிஸ்கட்டை என்னிடம் நீட்டினான், அதே இரண்டு விரல் இடுக்கில்.