ஓட்டல் ரூமில் துண்டைக் கம்பியில் மாட்டினீர்களே, அதைத் துவைக்காமல் விட்டார்களா?

(திரையில்: குளியலறைக் கம்பியில் தொங்கும் வெள்ளைத் துண்டு)

இந்தத் துண்டைப் பாருங்கள். காலையில் குளித்துவிட்டு நான்தான் மாட்டினேன். பக்கத்தில் ஓர் அட்டை: ‘பூமியைக் காப்போம். மறுபடி பயன்படுத்துவதாக இருந்தால் கம்பியில் மாட்டவும். மாற்ற வேண்டுமானால் தரையில் போடவும்.’ சரி என்று மாட்டிவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் அதே கம்பியில் வேறு துண்டு. மடிப்புக் கூடக் கலையவில்லை.

அப்போ பூமி?

வணக்கம். கோவையில் ஒரு ஓட்டலில் நடந்த கதை இது, பேர் வேண்டாம். நம்ம பக்கம் ஓட்டல் என்றால் சாப்பாட்டுக் கடை, தங்குவதற்கு லாட்ஜ். இந்த வீடியோவில் ரெண்டும் சேர்ந்தது: மேலே ரூம், கீழே ரெஸ்டாரண்ட். சுற்றுச்சூழலுக்குப் பொறுப்பான ஓட்டல் என்றால் கரண்ட், தண்ணீர், குப்பை, வேலை செய்கிறவர்கள் என நாலையும் பார்க்க வேண்டும். பேக்ரவுண்ட் முடிந்தது, துண்டுக்கு வருவோம்.

மறுநாள் ரூம் சுத்தம் பண்ண வந்த அண்ணனிடம் கேட்டேன். “ஏனுங்ணா, மாட்டித்தானே வச்சிருந்தேன்?”

“ரூம் பண்ணுனா எல்லாத்தையும் மாத்தோணும்னு சூப்பர்வைசர் சொல்லியிருக்காருங்க. அட்டை முதலாளி வெச்சது. பழசு கிடந்துச்சுன்னு ஒருத்தரு கம்ப்ளெய்ன்ட் பண்ணுனா எனக்குத்தானுங்க திட்டு.”

விஷயம் இவ்வளவுதான். அட்டை என்பது முதலாளி பேச்சு, ரூமில் என்னென்ன செய்ய வேண்டும் என்கிற செக்லிஸ்ட் சூப்பர்வைசர் பேச்சு. திட்டு வாங்குகிறவர் எதைக் கேட்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ‘மாட்டியிருந்தால் மாற்றாதே’ என்று அந்த செக்லிஸ்டில் ஒரு வரி சேர்க்க ஒரு பைசா செலவில்லை. என்னைக் கேட்டால், அட்டை அச்சடிப்பதற்கு முன்னால் அதைச் செய்திருக்க வேண்டும்.

அட்டையே வேஸ்ட் என்று சொல்லவில்லை. எழுதுகிற விதத்தில் இருக்கிறது சூட்சுமம். அமெரிக்காவில் கோல்ட்ஸ்டைன், சியால்டினி, கிரிஸ்கெவிசியஸ் என்று மூன்று பேர் ஒரு ஓட்டலில் சோதனை செய்து 2008-ல் வெளியிட்டார்கள். ‘சுற்றுச்சூழலைக் காப்பாற்றுங்கள்’ என்ற வழக்கமான அட்டைக்கு 100-க்கு 35 பேர்போல் துண்டை மறுபடி பயன்படுத்தினார்கள். ‘இங்கே தங்குகிறவர்களில் பெரும்பாலானோர் மறுபடி பயன்படுத்துகிறார்கள்’ என்று மாற்றி எழுதியதும் 44. அடுத்த சோதனையில், ‘இதே ரூமில் தங்கியவர்கள்’ என்று எழுதியபோது 49!

யோசித்துப் பாருங்கள், 312-ம் நம்பர் ரூமில் போன வாரம் தங்கினவர் யாரோ எவரோ. ஆனால் அவர் செய்தார் என்றால் நாமும் செய்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் போர்வெல் போட்டால் நாமும் போடுகிற ஊர் இது. இங்கே இன்னும் நன்றாகவே வேலை செய்யும் என்று நினைக்கிறேன்.

(திரையில்: துண்டின் ஓரத்தில் லேபிள்)

இந்தத் துண்டு பிறந்த ஊரும் பக்கத்தில்தான். கரூரில் துண்டு, பெட்ஷீட், திரைச்சீலை நெய்து உலகத்துக்கே அனுப்புகிறார்கள். துணி என்றால் சாயமும் உண்டு, சாயம் என்றதும் நொய்யல் ஞாபகம் வராமல் இருக்காது. வெள்ளியங்கிரியில் கிளம்பி, கோவை, திருப்பூர் தாண்டி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற ஆறு. திருப்பூர்ச் சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி நின்றதும், 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும் இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். இன்று கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்ப எடுத்துக்கொள்ளாமல் சாயப்பட்டறை ஓட்ட முடியாது. இத்தனை பாடுபட்டு வந்த துணியை ஓரம் பிரிந்தது என்று தூக்கிப் போடலாமா? கிழித்தால் துடைக்கிற துணி. அதற்கும் ஆகாவிட்டால், துணி வெட்டும்போது மிஞ்சுகிற கட்டிங் வேஸ்டைப் பஞ்சாக்கி மறுபடி நூல் ஓட்டுகிற ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்கள் நம்ம கோவை, திருப்பூர் பக்கமே இருக்கின்றன.

இப்போது என் ஃபேவரிட்: வாளி.

சிரிக்காதீர்கள். என் வீட்டு ஷவருக்கு அடியில் 18 லிட்டர் வாளியை வைத்து நேரம் பார்த்தேன். 1 நிமிடம் 50 விநாடியில் நிறைந்தது. அதாவது நிமிடத்துக்குப் பத்து லிட்டருக்குக் கொஞ்சம் கம்மி. ஆறு நிமிடம் நின்றால் மூணு வாளிக்கு மேல். வாளியும் மக்கும் வைத்துக் குளித்தால் எனக்கு ஒரு வாளி போதும், தலைக்குக் குளித்தால் ஒன்றரை. பெரிய ஓட்டல் ரூமில் வாளியே கிடையாது. ரிசப்ஷனுக்கு போன் போட்டு “ஒரு பக்கெட் கிடைக்குங்களா?” என்று கேட்டால், ஏதோ ஊறுகாய் ஜாடி கேட்ட மாதிரி ஒரு நொடி அமைதி. சிறுவாணித் தண்ணீரை எங்கே போனாலும் பெருமை பேசுகிற ஊரில், வாளி கேட்கக் கூச்சப்பட வேண்டியிருக்கிறது! சரி, வாளி வைக்க மனசில்லையா, குழாய் வாயில் காற்றைக் கலந்து விடுகிற சின்ன மூடி ஒன்று கிடைக்கும். கை நனைகிற மாதிரியே இருக்கும், தண்ணீர் பாதிதான் போகும்.

சுடுதண்ணீருக்கு ஹீட் பம்ப். ஃப்ரிட்ஜைத் திருப்பி வைத்த மாதிரி. வெளிக்காற்றின் சூட்டை இழுத்து ஒரு யூனிட் கரண்டுக்கு மூணு யூனிட் அளவுக்குச் சூடு தரும். சாதா கீசர் ஒன்றுக்கு ஒன்றைத் தாண்டாது. மொட்டை மாடியில் சோலார், அது எல்லாருக்கும் தெரிந்ததே.

கீழே சமையல்கட்டு. பஃபேயில் கண்ணுக்குத் தட்டு சின்னதாகத் தெரியும், வயிற்றுக்குப் பெரிது. இலைப் பந்தியில் பரிமாறுகிறவர் “இன்னொரு கரண்டி வைக்கட்டுங்களா?” என்று கேட்கிறார், நாம் கையை நீட்டித் தடுக்கிறோம். வீணாவது அங்கேயே குறைகிறது. சாப்பிட்ட இலை மாட்டுக்கோ உரக்குழிக்கோ போகிறது, கழுவத் தண்ணீரும் வேண்டாம். பஃபே வைத்தே ஆக வேண்டும் என்றால் கடைசி அரை மணி நேரம் பெரிய பாத்திரத்தை நிரப்பாமல் சின்னதில் வையுங்கள். வடைச்சட்டி எண்ணெய்க்கும் கணக்கு உண்டு: எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அது கெட்டு உருவாகிற போலார் காம்பவுண்ட் என்ற பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அந்த எண்ணெயைக் கையேந்தி பவனுக்கு விற்காமல், பயோடீசலுக்கு வாங்குகிறவர்களிடம் கொடுக்க வேண்டும்.

ரூமில் வைக்கிற பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை இருக்கிறது. மேலே அவ்வளவு டூரிஸ்டை வைத்துக்கொண்டு அவர்கள் சமாளிக்கும்போது, கீழே மேட்டுப்பாளையத்தில் கண்ணாடிக் கூஜா வைக்க என்ன கஷ்டம்?

கடைசியாக, ரூம் சுத்தம் பண்ணுகிற அந்த அண்ணனுக்கு எந்த ரூமில் எதை மாற்ற வேண்டாம் என்று முடிவெடுக்கிற உரிமையைக் கொடுங்கள். மாற்றாததற்குத் திட்டு விழக் கூடாது. ஓட்டல்காரர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் உங்கள் செக்லிஸ்டில் என்ன இருக்கிறது என்று கமென்டில் போடுங்கள். மற்றவர்கள், கேட்காமலே வாளி வைத்திருந்த ஓட்டல் எந்த ஊரில் என்று மட்டும் எழுதுங்கள். அடுத்த தடவை நான் அங்கேதான் ரூம் போடப்போகிறேன்.