பேட் செய்யாதவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். கிரிக்கெட் புத்தகங்களைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னை லீகில் கீழ் டிவிஷன் டீம் ஒன்றுக்கு ஸ்கோர் எழுதியவன். மர நிழலில் ஒரு மேஜை, கால் ஆடுகிற நாற்காலி, காற்றில் பக்கம் புரளாமல் இருக்க ஒரு கல். பத்தொன்பது வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அப்படித்தான் போயின.

ஸ்கோர்கார்டில் ஒரு வரி உண்டு. நீங்களும் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். யார் யார் எத்தனை ரன் என்பதெல்லாம் முடிந்த பிறகு, கடைசியில் பொடி எழுத்தில், 'பேட் செய்யாதவர்கள்' என்று இரண்டு மூன்று பெயர்கள் இருக்கும். என் கண் முதலில் அங்கேதான் போகும். எங்கள் டீமில் பதினோராவது ஆளாக ஒரு பையன் இருந்தான். ஒரு சீசன் முழுக்க நாலே தடவைதான் மட்டையோடு உள்ளே போனான். ஒருநாள் என் பின்னால் வந்து நின்று, "அண்ணா, அந்த எடத்துல என் பேரை இனிஷியலோட எழுதுங்கண்ணா. டீம்ல இருக்கேன்னா வீட்டுல நம்பமாட்டேங்கிறாங்க" என்றான். எழுதினேன். இனிஷியலோடு.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். சதம் அடித்தவர்களின் சுயசரிதைகள் என் அலமாரியில் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. விடியற்காலைப் பயிற்சி, முழங்கால் காயம், மறுபடி டீமில் இடம். ஒன்றைப் படித்தால் மற்றதில் பாதியைப் படித்த மாதிரி. ஆட வந்து, ஆட முடியாமல் வெளியே நின்றவனின் கதையில்தான் எனக்குப் பக்கம் ஓடுகிறது. அப்படி மூன்று நாலு புத்தகங்களைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் நம்ம ஆள். ஆர்.கே. நாராயணின் 'சுவாமியும் நண்பர்களும்'. 1935இல் வந்தது. அதைக் கிரிக்கெட் புத்தகம் என்று யாரும் சொல்வதில்லை. நான் சொல்வேன். கதை நடப்பது 1930இல். இந்தியா முதல் டெஸ்ட் ஆடியதே 1932இல்தான். அதற்கு முன்பே மால்குடியில் எம்.சி.சி. வந்துவிட்டது! மால்குடி கிரிக்கெட் கிளப். கேப்டன் ராஜம், போலீஸ் அதிகாரி வீட்டுப் பையன். டீம் ஆரம்பித்தால் சர்க்காருக்கு வரி கட்டவேண்டியிருக்குமோ என்று அந்தப் பிள்ளைகள் கவலைப்படுகிற இடம் ஒன்று இருக்கிறது. எத்தனை தடவை படித்தாலும் எனக்குச் சிரிப்பு வரும்.

அதைவிடச் சிரிப்பு, மட்டை வாங்க எழுதுகிற கடிதம். மெட்ராஸ் மவுண்ட் ரோடில் விளையாட்டுச் சாமான் கடை. அதற்கு எழுதுகிறார்கள். இரண்டு மட்டை, ஆறு பந்து, ஸ்டம்ப், இன்னும் என்னென்னவோ, எல்லாம் உடனே அனுப்பவும். ரொம்ப அவசரம். பணம் அப்புறம் அனுப்புகிறோம். பயப்பட வேண்டாம். கவனித்தீர்களா நேயர்களே, கடைக்காரருக்கு இவர்கள் தைரியம் சொல்கிறார்கள்!

கடையிலிருந்து மரியாதையாகப் பதில் வருகிறது. கால்வாசிப் பணத்தை ஆர்டரோடு அனுப்பினால் மிச்சத்தை வி.பி.பி.யில், அதாவது பார்சலைக் கொடுக்கும்போது தபால்காரர் மூலம், வாங்கிக்கொள்கிறோம் என்று. பிள்ளைகளுக்கு அந்த ஆபீஸ் இங்கிலீஷ் புரியவில்லை. திருப்பித் திருப்பிப் படிக்கிறார்கள். கடைசியில் கண்டுபிடித்துவிடுகிறார்கள்: இது வேறு யாருக்கோ வந்த கடிதம், தப்பி நமக்கு வந்துவிட்டது. உடனே, யாருடைய கடிதத்தையோ எங்களுக்கு அனுப்பிவிட்டீர்கள், இதோ திருப்பி அனுப்புகிறோம் என்று நாணயமாக ஒரு பதில். மவுண்ட் ரோடில் அதைப் பிரித்தவர் முகம் எப்படி இருந்திருக்கும்! நானும் ஒரு ஆபீசில் டெஸ்பாட்சில் இருந்தவன். அதனால் இந்த இடத்தை விட மனசு வருவதில்லை.

அப்புறம்தான் நம் ஸ்கோர்கார்டு வரி வருகிறது. சுவாமி நன்றாகப் பந்து போடுவான். இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் டேட் பெயரை அவனுக்கே வைத்துக் கூப்பிடுகிறார்கள். ஆனால் சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் டிரில். பிராக்டீசுக்கு நேரம் இல்லை. ஹெட்மாஸ்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று ஒரு டாக்டர் சொல்கிறார். பேசவே இல்லை. இவன் அதை நம்பி டிரிலுக்குப் போகாமல் மாட்டிக்கொள்கிறான். ஹெட்மாஸ்டர் பிரம்பை எடுக்க, பையன் அதைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டு ஓடுகிறான். ஊரை விட்டே போய், காட்டு வழியில் தவறிவிடுகிறான். கண்டுபிடித்துக் கொண்டுவருவதற்குள் மேட்ச் முடிந்துவிட்டது. எம்.சி.சி. தோற்றுவிட்டது. இவ்வளவு பந்தல் போட்டு, கல்யாணத்தையே காட்டவில்லை நாராயண். எம்.சி.சி.யின் டேட் அந்த மேட்ச்சில் ஒரு பந்துகூடப் போடவில்லை.

இரண்டாவது, விஸ்டன். இங்கிலாந்தில் வருஷா வருஷம் வருகிற கிரிக்கெட் புத்தகம். நம் வீட்டில் பாம்புப் பஞ்சாங்கம் மாதிரி, கிரிக்கெட்டுக்கு அது. மஞ்சள் அட்டை, செங்கல் கனம். 1864இல் முதலில் வந்தபோது 112 பக்கம்தான். அதையும் ஸ்கோரை வைத்து நிரப்ப முடியாமல், கால்வாய்களின் நீளம், குதிரைப் பந்தயம், முதலாம் சார்லஸ் ராஜா மீது நடந்த விசாரணை என்று கிடைத்ததையெல்லாம் போட்டார்கள். இன்றைக்கு அதில் ஸ்கோருக்கே இடம் போதுவதில்லை.

ஆனால் நான் சொல்லவந்தது ஒரே ஒரு பிரதி. 1939ஆம் வருஷ விஸ்டன். ஜிம் ஸ்வாண்டன் என்ற கிரிக்கெட் நிருபர் கையில் இருந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, அவர் ஜப்பானியரிடம் கைதியானார். சயாம் பர்மா ரயில்பாதை போட்ட முகாம்களுக்கு அந்தப் புத்தகமும் கூடவே போயிற்று. ஜப்பானியத் தணிக்கைக்காரர் புரட்டிப் பார்த்து, இதில் ஆபத்து எதுவும் இல்லை என்று முத்திரை குத்திக் கொடுத்தார். இருக்காதா பின்னே, எல்லாம் எண்கள்தானே. கைதிகள் முறை வைத்துக் கடன் வாங்கிப் படித்துப் படித்து, புத்தகம் பிய்ந்தே போய்விட்டது. சோற்றுப் பசை வைத்து மறுபடி கட்டினார்கள். இன்றைக்கு அது லண்டன் லார்ட்ஸ் மைதானத்து மியூசியத்தில் இருக்கிறது. சாப்பாடு இல்லாத முகாமில், சோற்றுப் பசை! யார் தன் பங்கிலிருந்து அந்தப் பருக்கையை எடுத்து வைத்தானோ.

அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் ஆயிரமாயிரமாகச் செத்தார்கள். சயாம் மரண ரயில் என்று நம் வீடுகளில் கேள்விப்பட்டிருப்பீர்கள். கைதிகளுக்காவது ராணுவத்தில் பெயரும் எண்ணும் இருந்தன. தோட்டத்து ஆட்களில் எத்தனையோ பேருக்கு எங்கேயும் ஒரு வரி இல்லை. அந்தப் பிரதியைப் பற்றிப் படிக்கிறபோதெல்லாம் எனக்கு இதுவும் சேர்ந்தே ஞாபகம் வருகிறது.

மூன்றாவது, ராமச்சந்திர குஹா 2002இல் எழுதிய இந்தியக் கிரிக்கெட் வரலாறு. அதில் பல்வாங்கர் பாலு. தோல் தொழில் செய்த ஜாதியில் பிறந்தவர். பூனாவில் வெள்ளைக்காரர் கிளப்பில் மாசம் 4 ரூபாய் சம்பளத்துக்கு ரோலர் இழுத்து, வலை கட்டி, அவர்களுக்குப் பந்தும் போட்டார். கிரேக் என்ற ஆங்கிலேய பேட்ஸ்மேன், தன்னை ஒவ்வொரு தடவை அவுட் ஆக்கும்போதும் எட்டணா கொடுத்தார் என்பார்கள். மணிக்கணக்காகப் பந்து போட்டவரிடம் மட்டையை மட்டும் ஒருநாளும் கொடுக்கவில்லை. நேயர்களே, என் வரி இதுதான். பேட் செய்யாதவர்.

அப்புறம், மதவாரியாக டீம் பிரித்து ஆடிய அந்தக் காலத்தில், இந்துக்கள் டீமில் எடுத்துக்கொண்டார்கள். ஜெயிக்க வேண்டுமே! மைதானத்தில் அதே பந்தை எல்லாரும் தொட்டார்கள். டீ இடைவேளையில் மற்றவர்களுக்கு உள்ளே பீங்கான் கோப்பை, இவருக்குப் பெவிலியனுக்கு வெளியே மண் குவளை. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். கேப்டன் பதவி கிடைத்தது அவருக்கில்லை, தம்பி விட்டலுக்கு, 1923இல்தான். பாலு அரசியலுக்கு வந்ததும், 1937 தேர்தலில் அம்பேத்கரையே எதிர்த்து நின்று தோற்றதும் தனிக் கதை. அதையும் சொல்லலாம் என்றுதான் குறித்து வந்தேன். ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இன்னும் இரண்டு நிமிஷம்தான்.

கடைசிப் புத்தகத்துக்குத்தான் நிறைய நேரம் வைத்திருந்தேன். மவுண்ட் ரோடு கடிதத்தில் போய்விட்டது. இலங்கையின் ஷெஹான் கருணாதிலக 2010இல் எழுதிய 'சைனாமேன்' நாவல். சைனாமேன் என்பது இடது கைக்காரர் மணிக்கட்டால் சுழற்றுகிற பந்து. கையை வைத்துக் காட்டாமல் அதை ரேடியோவில் விளக்க முடியாது, விட்டுவிடுகிறேன். குடித்துக் குடித்துச் சாவை நெருங்கிவிட்ட ஒரு விளையாட்டு நிருபர், பிரதீப் மேத்யூ என்ற சுழற்பந்துக்காரரைத் தேடுகிறார். அப்பா தமிழர், அம்மா சிங்களவர். இலங்கையின் மகா பந்துவீச்சாளர் அவர்தான் என்கிறார் நிருபர். ஆனால் ஆள் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த நாட்டில், அந்த வருஷங்களில். மேலே சொல்ல மாட்டேன், படித்துப் பாருங்கள்.

படித்து முடித்த ராத்திரி, பழைய இலங்கை ஸ்கோர்கார்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கதைதான் என்று தெரியும். இருந்தாலும் அந்தப் பொடி எழுத்து வரியில் மட்டும் ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று... சரி, விரலை மடக்கிவிட்டார்கள். வணக்கம்.