மிச்சம் எத்தனை?

நேயர்களுக்கு வணக்கம்.

சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் கழிவுநீரில் குளோரின் கலந்து 99 சதவீதக் கிருமிகளை அழித்துவிட்டோம் என்று ஓர் அறிக்கை சொன்னால், கேட்பவர்களுக்கு நிம்மதியாக இருக்கும். எனக்குக் கவலைதான் வரும். 100 மில்லிலிட்டர் கழிவுநீரில், அதாவது அரைத் தம்ளர் அளவில், ஈ.கோலை பாக்டீரியா 1 கோடி வரை இருக்கக்கூடும். அதில் 99 சதவீதம் செத்தாலும் 1 லட்சம் உயிரோடு ஆற்றுக்குப் போகிறது. பச்சையாக உண்ணும் பயிர்களுக்குப் பாய்ச்சும் நீரில் 100 மில்லிலிட்டருக்கு 1,000 மலக் கோலிஃபார்ம்களுக்கு (ஈ.கோலையும் அடங்கிய குடல் பாக்டீரியா வகை) மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1989-இல் வரம்பு வைத்தது. 1 கோடியிலிருந்து அங்கே வந்து சேர 99.99 சதவீதம் அழிய வேண்டும்.

சதவீதம் இப்படிக் கண்ணை மறைப்பதால்தான் ஆய்வகங்களில் 'லாக் குறைப்பு' என்கிறார்கள். ஒரு லாக் என்றால் பத்தில் ஒன்று மிச்சம், நான்கு லாக் என்றால் பத்தாயிரத்தில் ஒன்று.

டைபாய்டு, காலரா என்று ஒவ்வொரு கிருமியையும் தேடி எண்ண முடியாது. குடலில் ஏராளமாக வாழும் ஈ.கோலையை எண்ணினால் மலம் கலந்திருப்பது தெரிந்துவிடும்.

அளப்பதில் பெரும்பாலான தவறுகள் ஆய்வகத்துக்கு வெளியே, பாட்டிலை நிரப்பும் இடத்திலேயே நடந்துவிடுகின்றன. குளோரின் கலந்த நீரைப் பிடிக்கும் பாட்டிலில் சிறிதளவு சோடியம் தயோசல்பேட் இருக்க வேண்டும். அது குளோரினை அந்த நொடியிலேயே முறித்துவிடும். அது இல்லாவிட்டால், ஆய்வகம் போகும் வழி முழுவதும் பாட்டிலுக்குள் குளோரின் கொன்றுகொண்டே இருக்கும். முடிவு அழகாக வரும்; ஆற்றில் விழுந்த நீரோ வேறு. குளோரின் கலக்கும் தொட்டியில் நீர் தங்கும் நேரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். உள்ளே நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் ஒரே நேரத்தில் மாதிரி எடுத்தால், இரண்டும் வெவ்வேறு நீர். அரை மணி நேரம் தங்குகிறது என்றால், வெளியேறும் மாதிரியை அரை மணி கழித்துத்தான் எடுக்க வேண்டும்.

ஆய்வகத்தில் பாக்டீரியாவை வளர்த்து எண்ணும் தட்டில் தெரியும் ஒவ்வொரு புள்ளியையும் ஒரு பாக்டீரியா என்று எண்ணுகிறோம். ஆனால் கலங்கல் நீரில் அவை துகள்களுக்குள் கொத்தாக ஒளிந்திருக்கும். நூறு பேர் கொண்ட கொத்தும் ஒரே புள்ளியாகத்தான் வளரும். குளோரினாலோ, கிருமியை அழிக்கப் பாய்ச்சும் புற ஊதாக் கதிராலோ அந்தத் துகளின் உள்ளே எளிதில் எட்ட முடியாது. அதனால் கலங்கலை அளக்காமல் கிருமியை மட்டும் எண்ணித் தரும் அறிக்கையை நான் ஏற்பதில்லை. புற ஊதாக் கதிரில் அடிபட்ட பாக்டீரியாக்கள் சில, பிறகு வெளிச்சம் பட்டால் தங்கள் சேதத்தைத் தாமே சரிசெய்துகொள்ளும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பூஜ்ஜியம் வந்தால்? சோதித்த அளவு நீரில் ஒன்றும் வளரவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, ஈ.கோலை முழுவதும் அழியும் குளோரின் அளவையும் தாங்கி நிற்கும்.

எந்த நேரத்து நீர் என்பதையும் கேளுங்கள். காலையில் வீடுகளிலிருந்து நீர் பெருக்கெடுத்து வரும்போது தொட்டியில் தங்கும் நேரம் சுருங்கிவிடுகிறது; கிருமிகள் தப்பிப் போவதும் அப்போதுதான். மதியம் நீர்வரத்து குறைந்த பிறகு எடுத்த மாதிரி அதைக் காட்டாது. பாட்டிலை அந்தக் காலை நெரிசலில்தான் நிரப்ப வேண்டும். வணக்கம்.