சிங்கப்பூர் – நியூயார்க்: தூரம் ஒன்றுதான், நேரம் ஏன் மாறுகிறது?

[திரையில்: உலக வரைபடம். சிங்கப்பூரிலும் நியூயார்க்கிலும் சிவப்புப் புள்ளிகள்.]

வணக்கம். சிங்கப்பூர் சாங்கியில் ஏறினால், வழியில் எங்கும் நிற்காமல் நியூயார்க் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்தில் போய் இறங்கலாம். 2020 நவம்பரில் தொடங்கியபோது உலகிலேயே மிக நீளமான பயணிகள் விமானத் தடம் இதுதான். தூரம் சுமார் 15,350 கிலோமீட்டர்.

இந்தத் தூரம் எப்படி வருகிறது என்று நாமே பார்த்துவிடலாம். சாங்கி கிழக்கே 104 பாகை தீர்க்கரேகையில் இருக்கிறது, கென்னடி மேற்கே 74. கூட்டினால் 178. பூமியின் நேர் எதிர்ப்பக்கம் என்றால் 180. அதனால் மிகக் குறுகிய வழி கிழக்கிலும் இல்லை, மேற்கிலும் இல்லை. நேரே வடக்கே போய், வட துருவத்தை ஒட்டித் தாண்டி, மறுபக்கம் தெற்கே இறங்க வேண்டும்.

[திரையில்: குளோப். இரண்டு ஊர்களுக்கும் நடுவே இழுத்துப் பிடித்த நூல்.]

சாங்கியிலிருந்து துருவம் வரை 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க் 49.4. மொத்தம் 138. ஒரு பாகைக்குச் சுமார் 111 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 15,318 வரும்! சுவரில் மாட்டிய வரைபடத்தை மட்டும் பார்த்தால் இந்த வழி கண்ணில் படவே படாது.

சரி, விமானம் அந்த வழியிலேயே போகிறதா? பல நாட்களில் இல்லை. உயரே, விமானம் பறக்கும் மட்டத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகக்காற்று வீசுகிறது. குளிர்காலத்தில் மணிக்கு 300 கிலோமீட்டரைக்கூடத் தாண்டும். அந்தக் காற்று முதுகில் தள்ளினால், சுற்றிப் போனாலும் சீக்கிரம் போய்ச் சேரலாம். அதனால் போகும்போது ஜப்பான் பக்கமாகப் பசிபிக்கைக் கடந்து கிழக்கே போவார்கள். திரும்பும்போதும் கிழக்கேதான்: அட்லாண்டிக், ஐரோப்பா, ஆசியா வழியாக. போய்த் திரும்பினால் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றியாயிற்று. எனக்கு இந்தத் தடத்தில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

[திரையில்: ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர்.]

இதற்கென்றே உள்ள இந்த விமானத்தில் 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். எடை ஏறக்குறைய 130 டன். புறப்படும்போது விமானத்தின் உச்ச எடையே 280 டன்தான். கிட்டத்தட்ட பாதி எரிபொருள்! இருக்கைகளும் 161 மட்டுமே, சாதாரண எகானமி வகுப்பே கிடையாது.

மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்தால் 17 மணி நேரம் வரும். டிக்கெட்டில் 18 மணி 40 நிமிடம் மாதிரி போட்டிருக்கும். கேட்டிலிருந்து கேட் வரை ஆகும் நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது, சுற்றுவழி எல்லாம் அதற்குள் அடக்கம்.

அப்புறம், கடிகாரம். கோடையில் இரண்டு ஊருக்கும் 12 மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் 13. கோடையில் சிங்கப்பூரில் பகல் 12 மணிக்குக் கிளம்பினால், நியூயார்க்கில் அதே நாள் மாலை 6:40க்கு இறங்குவீர்கள். திரும்பும்போது திங்கள் இரவு 10:30க்குக் கிளம்பினால், சிங்கப்பூரில் புதன் விடிகாலை 5:10. டிக்கெட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக +2 என்று இருக்கும். அழைத்துப்போக வருபவரிடம் அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.