மூணு பிள்ளைங்க, மூணு தூக்கம், ஒரே ரூம்

சத்தம் கம்மியாத்தான் பேசுவேன், வால்யூமைக் கொஞ்சம் கூட்டி வெச்சுக்கோங்க. ஹோட்டல் பாத்ரூம் தரையில உக்காந்து ஷூட் பண்ணிட்டிருக்கேன். கதவுக்கு அந்தப் பக்கம் நாலு பேரு படுத்திருக்காங்க. குட்டி ஏழரைக்கே தூங்கிட்டா. பையன் எட்டரைக்கு. பெரியவ இன்னும் தூங்கலை, போர்வைக்குள்ள ஹெட்ஃபோனோட இருக்கா. எங்க வீட்டுக்காரருக்கு நேரங்காலமே கிடையாது, தலையணையைப் பார்த்தா போதும்.

குட்டிக்கு ஒன்றரை வயசு, பையனுக்கு 6, பெரியவளுக்கு 14. தீம் பார்க்குல மூணாவது நாள் இன்னைக்கு. முதல் நாள் கூத்தைச் சொல்றேன் கேளுங்க.

காசு கொடுத்து டிக்கெட் வாங்கியாச்சு, ஒரு நிமிஷம் வீணாக்கக் கூடாதுன்னு காலைல ஆறு மணிக்கு எல்லாரையும் எழுப்பிட்டேன். கேட் திறக்கும்போதே உள்ள போகணும், ராத்திரி வாணவேடிக்கை பார்த்துட்டுத்தான் வரணும். இதான் என் பிளான். பெரியவ பதினொரு மணி வரைக்கும் யார்கிட்டயும் பேசலை. பையன் ஒரு ரைடுக்கு க்யூவுல நிக்கும்போது கம்பியில கன்னத்தை வெச்சு நின்னுக்கிட்டே தூங்கிட்டான். முக்கா மணி நேரம் நின்னு எங்க முறை வரும்போது எழுப்புறோம், கண்ணையே திறக்கலை. கன்னத்துல கம்பியோட கோடு அப்படியே பதிஞ்சிருக்கு.

குட்டிதான் எங்களை நல்லா ஏமாத்துனா. மதியம் பன்னண்டரை தூக்கம் போயிடுச்சு. ஆனா நாலு மணிக்கு ஓடுறா, சிரிக்கிறா, போற வர்றவங்களுக்கெல்லாம் டாட்டா காட்டுறா. 'பரவால்லையே, தூங்காமலே சமாளிக்கிறாளே'ன்னு நானும் இவரும் பெருமையா பேசிக்கிட்டோம். அது தெம்பு இல்லைங்க, அசதி தலைக்கேறி ஆடுற ஆட்டம். சின்னப் பிள்ளைங்க ரொம்பக் களைச்சா சோர்ந்து விழ மாட்டாங்க, துள்ளுவாங்க. ஆறு மணிக்கு ஆரம்பிச்ச அழுகை ரூமுக்கு வர்ற வரைக்கும் நிக்கலை. வாணவேடிக்கை சத்தம் மட்டும் ஜன்னல் வழியா கேட்டுச்சு.

அன்னைக்கு ராத்திரிதான் யோசிச்சேன். அமெரிக்கன் அகாடமி ஆஃப் ஸ்லீப் மெடிசின்னு தூக்க மருத்துவ டாக்டருங்க அமைப்பு ஒண்ணு இருக்கு, அவங்க 2016-ல ஒரு கணக்கு சொல்லியிருக்காங்க. 1-2 வயசுக்கு மதியத் தூக்கமும் சேர்த்து 11-லருந்து 14 மணி நேரம், 6-12 வயசுக்கு 9-லருந்து 12, 13-18 வயசுக்கு 8-லருந்து 10. இந்த மூணையும் ஒரே கடிகாரத்துல எப்படி அடைக்கிறது? அதுலயும் பெரியவ ராத்திரி முழிச்சிருக்கிறது திமிருன்னே நான் நினைச்சுட்டிருந்தேன். டீன் ஏஜ்ல தூக்கம் வரவைக்கிற மெலடோனின் சுரக்கிற நேரமே தள்ளிப் போயிடுது, சில பேருக்கு ரெண்டு மணி நேரம் வரைக்கும். சீக்கிரம் படுன்னா தூக்கம் வராது, காலைல எழுப்புனா எழ முடியாது. பாவம், அவளைத் திட்டுனது தப்பு.

அதனால ரெண்டாம் நாள்லருந்து குடும்பத்தைப் பிரிச்சுட்டேன். எல்லாரும் ஒண்ணாவே சுத்தணும்ங்கிற ஆசை போட்டோவுக்குத்தான் நல்லாருக்கும்.

காலைல தானா எழுந்திரிக்கிற குட்டியும் பையனும் அப்பாவோட கேட் திறக்கும்போதே உள்ள. முதல் ஒரு மணி நேரம்தான் க்யூ குறைச்சல். நானும் பெரியவளும் தூங்கி எழுந்து ஆற அமர பத்து மணிக்குப் போவோம். பன்னண்டு மணிக்குக் கை மாத்துறோம். நான் சின்னதுங்க ரெண்டையும் ரூமுக்குக் கூட்டிட்டு வந்துடுவேன், அப்பாவும் பெரியவளும் தலைகீழாப் போற ரைடெல்லாம் போவாங்க. பையன் 'நான் தூங்க மாட்டேன்'ம்பான். தூங்க வேணாம், சும்மா படுன்னுதான் சொல்லுவேன். பத்தே நிமிஷத்துல குறட்டை. ஆனா மூணு மணிக்கு மேல அவனைத் தூங்க விடாதீங்க, ராத்திரி நீங்கதான் கதை சொல்லணும். ராத்திரி வாணவேடிக்கைக்கு நாங்க ரெண்டு பேரும் முறை வெச்சு, ஒருத்தர் மட்டும் பெரியவளோட போறோம்.

நிறைய பார்க்குல ரைடர் ஸ்விட்ச்னு ஒண்ணு இருக்கு. ஒருத்தர் ரைடு போற வரைக்கும் இன்னொருத்தர் குழந்தையோட வெளிய இருக்கலாம். அப்புறம் அவங்க திரும்ப முழு க்யூவுல நிக்காம போகலாம். க்யூவுல நுழையறதுக்கு முன்னாடியே அங்க நிக்கிற ஸ்டாஃப்கிட்ட கேட்டுடுங்க. குட்டி ஸ்ட்ரோலர்ல, அதான் தள்ளுவண்டியில, தூங்கிட்டிருந்தப்போ எங்களுக்கு அது கை கொடுத்துச்சு.

ஸ்ட்ரோலர்னதும் ஒண்ணு, இது முக்கியம். வெயில்னு சொல்லி துணியால முழுசா மூடாதீங்க. மெல்லிசுத் துணியா இருந்தாலும் உள்ள காத்து நின்னு சூடு ஏறிடும். நிழலா ஒரு இடத்துல நிறுத்துங்க. பெல்ட்டைக் கழட்டாதீங்க, முகம் உங்க கண்ணுலயே இருக்கட்டும்.

ரூமுல திரைச்சீலை நடுவுல இடைவெளி விழுது பாருங்க, அதுவழியா வெளிச்சம் நேரா தொட்டில்ல அடிச்சுது. அலமாரியில பேன்ட் மாட்டுற கிளிப் ஹாங்கர் இருந்துச்சு. அதால ரெண்டு பக்கத்தையும் சேர்த்துக் கவ்வ வெச்சுட்டேன். ஒயிட் நாய்ஸ், அதான் ஃபேன் ஓடுற மாதிரி ஒரே சீரா வர்ற சத்தம், அதைப் போனுல போட்டு, சத்தத்தைக் குறைச்சு, தொட்டில்லருந்து ரெண்டு மீட்டர் தள்ளி வெச்சிருக்கேன். காதுகிட்ட வைக்கக் கூடாது. தொட்டிலையும் எங்க கட்டிலு தெரியாத மூலைக்குத் தள்ளியாச்சு. நடுராத்திரி கண்ணு முழிச்சு என் மூஞ்சியைப் பார்த்தான்னா விடிஞ்சுடுச்சுன்னு முடிவு பண்ணிடுவா.

பிஸ்கட் பாக்கெட்டெல்லாம் சாயங்காலமே பிரிச்சு டப்பாவுல போட்டு வெச்சுடுங்க. நேத்து அந்தக் கவரு சத்தத்துல குட்டி எழுந்துட்டா. இன்னைக்கு டப்பாவோடதான் இங்க உக்காந்திருக்கேன்.

இருங்க, மெசேஜ் வருது. பெரியவதான். 'அம்மா, பாத்ரூம் லைட் கதவுக்கடியில வந்து கண்ணுல அடிக்குது, தூக்கம் வருது.' மணி பத்தே முக்கால். அணைச்சுடறேன்.