மேலிருந்து கும்பக்கரைக்கு

நேயர்களுக்கு வணக்கம். பெரியகுளத்துக்கு அருகே, பழனி மலையின் அடிவாரத்தில் உள்ள கும்பக்கரை அருவிக்கு வாகனத்தில் சென்று, குளித்துவிட்டுத் திரும்புகிறவர்களே பெரும்பாலோர். அதே அருவிக்குக் கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் இருந்து வெள்ளகவி வழியாக நடந்தும் வந்து சேரலாம். காலையில் விடிந்ததும் புறப்பட்டால் மாலைக்குள் முடிந்துவிடும் நடை இது. ஓர் அருவியை உண்மையாக அறிய விரும்புகிறவர், அதன் தண்ணீர் எந்தச் சரிவில் இறங்குகிறதோ அந்தச் சரிவிலேயே தாமும் இறங்கிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

கும்பக்கரைக்கு வரும் பாம்பாறு கொடைக்கானல் மலையில் பிறக்கிறது. வட்டக்கானல் பக்கத்தில், பழைய சோப்பு விளம்பரம் ஒன்றின் பெயரால் இன்றும் பலர் லிரில் அருவி என்று அழைக்கும் பாம்பார் அருவியும் இந்த ஆற்றினுடையதே. இப்பகுதியின் சோலைக்காட்டு மரங்கள் அதிக உயரம் வளர்வதில்லை. கிளைகளில் பாசியும் பெரணியும் அடர்ந்திருக்க, அடியில் மக்கிய இலைகள் தடித்த படுகையாகக் கிடக்கின்றன. பெய்யும் மழையை அந்தப் படுகையும் அதன் கீழுள்ள மண்ணும் உள்வாங்கிக்கொண்டு மெல்ல மெல்லக் கசியவிடுவதால்தான், மழை ஓய்ந்து பல நாட்களுக்குப் பிறகும் ஓடைகளில் நீர் ஓடுகிறது. கொடைக்கானல் வனப்பகுதி 2013-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காட்டுமாடுகள் தடத்திலேயே நிற்கக்கூடும் என்பதால், அவற்றுக்கு வழிவிட்டு ஒதுங்கிக் காத்திருக்கும் பொறுமை நடப்பவருக்கு வேண்டும்.

வட்டக்கானலைத் தாண்டியதும் வரும் டால்பின் நோஸ் என்ற பாறையில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறவர்கள் ஏராளம். அதற்கப்பால் தடம் செங்குத்தாக இறங்குகிறது. ஏற்றத்தைவிட இறக்கம் எளிது என்று நினைப்பவர்களின் முழங்கால் இங்கே வேறு பதில் சொல்லும். ஊன்றிக்கொள்ள ஒரு கழி அவசியம்.

வெள்ளகவி, கொடைக்கானல் என்ற ஊர் உருவாவதற்கு முன்பிருந்தே இருக்கும் கிராமம். 1821-இல் நில அளவைக்காக வந்த லெப்டினன்ட் வார்டு இந்த ஊரில் தங்கி, இங்கிருந்துதான் மேலே கொடைக்கானல் மேட்டுக்கு ஏறினார். அமெரிக்க மிஷனரிகள் அங்கே முதல் வீடுகளைக் கட்டியது 1845-இல்தான். வாகனச் சாலையின்றியே தலைமுறைகளாக வாழ்ந்த இம்மக்கள், காப்பியையும் மிளகையும் குதிரைகளின் முதுகில் ஏற்றிக் கீழே கொண்டு சென்றார்கள். வீடுகளுக்கிடையே கோயில்கள் அமைந்திருப்பதால் ஊருக்குள் யாரும் செருப்பணிவதில்லை. வெளியூர்க்காரரும் எல்லையிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். காலணி இல்லாத அந்தச் சிறிது நேரம், நடையின் களைப்புக்கும் நல்ல மருந்துதான்.

தோட்டங்களைத் தாண்டியதும் குளிர் விலகி, இலையுதிர்க் காடும் வெயிலும் தொடங்குகின்றன. மொத்தத்தில் ஏறத்தாழ 1,500 மீட்டர் இறக்கம் இது. இந்த வறண்ட சரிவில் கோடையில் தீ எளிதாகப் பற்றும். பக்கத்துக் குரங்கணியில் 2018 மார்ச்சில் நேர்ந்த காட்டுத்தீக்குப் பின் மலையேற்ற விதிகள் இறுகியிருப்பது நியாயமானதே. வனத்துறையின் அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் யாரும் இத்தடத்தில் இறங்கக் கூடாது. தீ அபாயமுள்ள மாதங்களில் அனுமதி கேட்பதையே தவிர்க்கலாம்.

கும்பக்கரையில் நீர் ஒரே வீச்சாக விழுவதில்லை; பாறைமேல் சறுக்கி, ஒரு குழியை நிரப்பி, அடுத்ததற்கு வழிகிறது. சுழல்நீரில் அகப்பட்ட கற்கள் நெடுங்காலம் பாறையைக் குடைந்து உண்டாக்கிய இக்குழிகளை யானைக் கசம், உரல் கசம், பாம்புக் கசம் என்று உள்ளூரார் பெயரிட்டு அழைக்கிறார்கள். மேலே கொடைக்கானலிலோ வெள்ளகவியிலோ கனமழை பெய்தால், அடிவாரத்தில் ஒரு துளியும் விழாதபோதே இங்கே வெள்ளம் வந்துவிடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வனத்துறையினர் அடிக்கடி குளிக்கத் தடை விதிப்பது இதனால்தான். வெயில் அடிக்கும்போது ஏன் தடுக்கிறீர்கள் என்று காவலர்களிடம் வாதாடுகிறவர்கள், அந்தத் தண்ணீர் புறப்பட்ட இடத்தைப் பார்க்காதவர்கள்.

தடை இல்லாத நாளிலும் கசங்களை விட்டு விலகி, காவலர் காட்டும் இடத்தில் மட்டும் குளியுங்கள். வந்த வழியே அன்றைக்கே ஏறித் திரும்ப எண்ணாமல், இருட்டுவதற்குள் பெரியகுளம் சென்று கொடைக்கானலுக்குப் பேருந்து பிடிப்பது நல்லது. வணக்கம்.