1.25 டிரில்லியன் வெள்ளிக் கடன்: மலேசியா யாரிடம் வாங்கியது, எதற்கு வாங்கியது?

[திரை: கறுப்புப் பின்னணி. 1,087,000,000,000 என்ற எண், ஒவ்வொரு சுழியமாக வந்து விழுகிறது.]

வணக்கம். 2018 மே மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். தேர்தல் முடிந்து ஆட்சி மாறிய சூடு ஆறுவதற்குள் புதிய நிதியமைச்சர் லிம் குவான் எங், அதாவது நம் பினாங்கின் முன்னாள் முதலமைச்சர், ஒரு கணக்கை வெளியிட்டார். மலேசியாவின் கடன் 1 டிரில்லியன் வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, மேல். கோடிக் கணக்கில் சொன்னால் ஒரு லட்சம் கோடி.

அந்த மாதமே தபுங் ஹராப்பான் என்ற நன்கொடை நிதி தொடங்கியது. நாட்டின் கடனை அடைக்க மக்கள் பணம் போட்டார்கள். சம்பளத்தில் ஒரு பங்கைக் கொடுத்தவர்கள் உண்டு, உண்டியலை உடைத்த பிள்ளைகள் உண்டு. 2019 ஜனவரியில் அதை மூடியபோது சேர்ந்திருந்தது 200 மில்லியன் வெள்ளிக்குச் சற்று அதிகம்.

சரி, ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 2018-இல் அரசாங்கம் கடனுக்குக் கட்டிய வட்டி மட்டும் 30.5 பில்லியன் வெள்ளி. 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 84 மில்லியன். அப்படியென்றால் மலேசியர்கள் மனமுவந்து கொடுத்த அவ்வளவு பணமும் இரண்டரை நாள் வட்டிக்குக்கூடப் போதவில்லை. அசலைத் தொட வேண்டாம், வட்டிக்கே.

கொடுத்தவர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. டிரில்லியன் என்று கேட்டதும் நாம் எல்லோரும் அந்தப் பெரிய எண்ணையே பார்க்கிறோம். நான் பார்க்கச் சொல்வது அதற்குப் பக்கத்தில் உள்ள வட்டி என்ற வரியை. அரசாங்கத்தின் கையைக் கட்டிப்போடுவது அதுதான்.

[திரை: எண் மூன்று துண்டாக உடைகிறது. 686.8 – 199.1 – 201.4 பில்லியன்.]

முதலில் அந்த 1 டிரில்லியன் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். 686.8 பில்லியன், கூட்டரசு அரசாங்கம் நேரடியாக வாங்கிய கடன். 199.1 பில்லியன், மற்ற நிறுவனங்கள் வாங்கிய கடனுக்கு அரசாங்கம் கொடுத்த உத்தரவாதம். மீதி 201.4 பில்லியன், தனியார் கட்டிக் கொடுத்த கட்டடங்களுக்கும் திட்டங்களுக்கும் வரும் ஆண்டுகளில் கட்ட வேண்டிய குத்தகைப் பணம். பழைய அரசாங்கம் முதல் துண்டை மட்டும் காட்டிக் கடன் என்றது. புதிய அரசாங்கம் மூன்றையும் கூட்டியது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. எது வசதியோ அதைக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

[திரை: இடது பக்கம் ‘பற்றாக்குறை’, வலது பக்கம் ‘கடன்’.]

பற்றாக்குறை வேறு, கடன் வேறு. ஒரு வருடத்தில் வரவைவிடச் செலவு எவ்வளவு கூடியதோ அது பற்றாக்குறை. வருடா வருடம் சேர்ந்த பற்றாக்குறைகளின் குவியல் கடன். ‘பற்றாக்குறையைக் குறைத்துவிட்டோம்’ என்று அமைச்சர் சொன்னால் கடன் குறைந்தது என்று அர்த்தம் இல்லை. கடன் ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் அர்த்தம். 2023-இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் 5 விழுக்காடாக இருந்த பற்றாக்குறை 2024-இல் 4.1 ஆக இறங்கியது. அதே 2024 முடிவில் கடன் 1.25 டிரில்லியனுக்கு ஏறியிருந்தது. மொத்த உற்பத்தியில் இது 64 விழுக்காட்டுக்கு மேல்.

இப்போது 2025 பட்ஜெட்டைப் பிரித்துப் பார்ப்போம். இந்த வீடியோவில் நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய கழித்தல் கணக்கு இது ஒன்றுதான்.

[திரை: எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக.]

எதிர்பார்த்த வருமானம் 339.7 பில்லியன் வெள்ளி. நிர்வாகச் செலவு 335 பில்லியன். அரசு ஊழியர் சம்பளம், ஓய்வூதியம், மானியம், மருந்து, வட்டி எல்லாம் இதில் அடக்கம். கழித்தால் மிஞ்சுவது 4.7 பில்லியன்.

அப்புறம் மேம்பாட்டுச் செலவு வருகிறது: சாலை, பள்ளிக்கூடம், மருத்துவமனை, வெள்ளத் தடுப்பு. அதற்கு 86 பில்லியன். கையில் இருப்பது 4.7. மற்றதெல்லாம் கடன். அதனால்தான் பற்றாக்குறை 80 பில்லியன் சொச்சம்.

கடன் வாங்கிச் சாலை போடுவது தப்பில்லை. மலேசியாவில் விதியே அப்படித்தான். கடன் பணத்தை மேம்பாட்டுக்கு மட்டும் செலவழிக்கலாம், சம்பளம் கொடுக்கக் கடன் வாங்கக் கூடாது. கோவிட் காலத்தில் 2020-இல் தனிச் சட்டம் போட்டுத்தான் இந்த விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். நல்ல விதி. ஆனால் வாங்கிய கடனுக்கான வட்டி நிர்வாகச் செலவில் ஏறிக்கொள்கிறது. போன வருடச் சாலை இந்த வருடச் சம்பளப் பணத்தோடு மோதுகிறது.

2025-இல் அந்த வட்டி எவ்வளவு? பட்ஜெட்டில் போட்டது 54.7 பில்லியன். அதே பட்ஜெட்டில் சுகாதார அமைச்சுக்கு ஒதுக்கியது 45.3 பில்லியன். பினாங்குப் பொது மருத்துவமனையிலிருந்து உள்ளூர் கிளினிக் வரை நாடு முழுக்க ஆகும் செலவைவிட வட்டிச் செலவு அதிகம். வருமானத்தில் வரும் ஒவ்வொரு 100 வெள்ளியிலும் 16 வெள்ளி வட்டிக்குப் போகிறது. 2010-ஐ ஒட்டி இது 10 வெள்ளிதான். 15-ஐத் தாண்டக் கூடாது என்று நிதியமைச்சே தனக்குத்தானே ஒரு கோடு போட்டு வைத்திருந்தது. கோடு இருக்கிறது, தாண்டியாகிவிட்டது.

இன்னொன்று. நாடாளுமன்றத்தில் மற்றச் செலவுகளுக்கு வாக்கெடுப்பு நடக்கும். கடன் வட்டிக்கு அது கிடையாது. அரசியலமைப்பின் 98-ஆவது பிரிவு அதை நேரடியாகக் கஜானாவிலிருந்து எடுக்கச் சொல்கிறது. எந்த எம்பியும் கையைத் தூக்கி ‘இந்த வருடம் வட்டி வேண்டாம்’ என்று சொல்ல முடியாது.

[காட்சி: கைப்பேசித் திரை. சேமநிதிக் கணக்கு, பெயரும் எண்ணும் மறைக்கப்பட்டுள்ளன. ‘ஈவுத்தொகை’ என்ற வரியை விரல் தொடுகிறது.]

யாரிடம் வாங்கினோம்? சீனாவிடம், அமெரிக்காவிடம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இந்தத் திரையைப் பாருங்கள். இது ஊழியர் சேமநிதி வாரியக் கணக்கு. இதில் உள்ள ஈவுத்தொகை 2024-க்கு 6.3 விழுக்காடு. பங்குகளிலும் கட்டடங்களிலும் சம்பாதித்ததோடு, அரசாங்கம் கட்டிய வட்டியும் இதற்குள் கலந்திருக்கிறது.

நடப்பது இதுதான். அரசாங்கம் கடன் பத்திரம் வெளியிடுகிறது. 3 வருடம், 10 வருடம், 30 வருடம் என்று பல தவணைகள். வழக்கமான பத்திரமும் உண்டு, வட்டி என்று சொல்லாத இஸ்லாமிய முறைப் பத்திரமும் உண்டு. மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஏலம் நடத்துகிறது. வங்கிகள், காப்புறுதி நிறுவனங்கள், ஓய்வூதிய நிதிகள் வாங்குகின்றன. வாங்கியவர்களில் மிகப் பெரியவர் சேமநிதி வாரியம். பத்திரங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அதன் கையில். வெளிநாட்டு முதலீட்டாளர்களிடம் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அதுவும் பெரும்பாலும் வெள்ளியில்தான். டாலர், யென் என்று அந்நியப் பணத்தில் திருப்பிக் கட்ட வேண்டியது 100-க்கு 3 வெள்ளி அளவுதான்.

பிறை தொழிற்பேட்டையில் மாதச் சம்பளம் வாங்கும் ஒரு தொழிலாளி, வரி கட்டுபவராக இந்தக் கடனைச் சுமக்கிறார். சேமநிதி உறுப்பினராக அதே கடனுக்கு வட்டியும் வாங்குகிறார். 2024 முடிவில் சேமநிதியின் மொத்தச் சொத்தும் 1.25 டிரில்லியன் வெள்ளி! தற்செயல்தான், ஆனாலும் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நாடு திவாலாகப் போகிறது என்று வாட்ஸ்அப்பில் வருபவை இந்தப் பாதியைச் சொல்வதே இல்லை. அதே சமயம் சேமநிதி இல்லாதவர்களும் இருக்கிறார்கள். கூலி வேலை, வண்டியோட்டம், சிறு வியாபாரம் செய்பவர்களுக்கு வரியின் சுமை வருகிறது, வட்டியின் பங்கு வருவதில்லை. நம் சமூகத்தில் அப்படிப்பட்டவர்கள் கொஞ்ச நஞ்சமில்லை.

[காட்சி: பெர்சியாரான் கர்ப்பால் சிங் கடற்கரை ஓரம். பின்னால் பினாங்குப் பாலம்.]

பின்னால் தெரியும் பாலம் 1985-இல் திறந்தது. அந்தக் காலத்தில் மலேசியா இதைவிட மோசமான நிலையில் இருந்தது என்றால் நம்புவீர்களா? 1982-இல் பற்றாக்குறை மொத்த உற்பத்தியில் 16 விழுக்காட்டைத் தாண்டியது. இப்போது 4-க்கே புலம்புகிறோம். மகாதீர் புதிதாகப் பிரதமராகிக் கனரகத் தொழில், புரோட்டோன் கார் என்று இறங்கிய நேரம். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் பணமில்லாமல் கைவிரிக்க, ஈய விலை சரிந்தது. பட்டர்வொர்த்தில் ஈயம் உருக்கும் ஆலை இருந்த ஊர் நம்முடையது, அந்த அடி இங்கே நன்றாகவே தெரியும். செம்பனை விலையும் விழுந்தது. போதாததற்கு அதே வருடம் யென் மதிப்பு ஏறத் தொடங்கியது. ஜப்பானிடம் யென்னில் வாங்கிய கடன், புதிதாக ஒரு காசு வாங்காமலேயே ஊதியது. 1986-இல் கடன் மொத்த உற்பத்தியில் 103 விழுக்காடு.

அது 1997-இல் 32 ஆக இறங்கியது. எப்படி? டெலிகோம், மின்சார வாரியம், நெடுஞ்சாலை என்று அரசாங்கம் பலவற்றைத் தனியாருக்குக் கொடுத்தது, வெளிநாட்டுக் கடனில் ஒரு பகுதியை முன்கூட்டியே அடைத்தது, 1993 முதல் 1997 வரை ஐந்து வருடம் பட்ஜெட்டில் உபரியும் வைத்தது. ஆனால் பெரிய வேலையைச் செய்தது வளர்ச்சி. ஏறக்குறைய பத்து வருடம் பொருளாதாரம் 8, 9 விழுக்காடு வளர்ந்தது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குக் கிராமத்துப் பெண்கள் பஸ் பஸ்ஸாக வேலைக்குப் போன காலம் அது. கடன் அப்படியே நின்றாலும் பொருளாதாரம் பெருத்தால் விழுக்காடு தானாகச் சுருங்கும். குடும்பக் கடனோடு இதை ஒப்பிட்டுப் பயமுறுத்துகிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். குடும்பத் தலைவருக்கு ஓய்வு வயது உண்டு, நாட்டுக்கு இல்லை. முதிர்ந்த பத்திரத்தைப் புதிய பத்திரம் விற்று அடைத்துக்கொண்டே போகலாம். வருமானத்தைவிட வேகமாக வட்டி வளராதவரை.

1997-98 நெருக்கடியோடு உபரி முடிந்தது. 1998 முதல் இன்றுவரை ஒரு வருடம்கூட உபரி கிடையாது. 2009-இல் பற்றாக்குறை 6.7, 2017-இல் 2.9, கோவிட்டில் மறுபடி 6-க்கு மேல்.

கடனுக்கு உச்சவரம்பு இல்லையா என்பீர்கள். இருக்கிறது. மொத்த உற்பத்தியில் 40 விழுக்காடாக இருந்தது, 2008-இல் 45 ஆனது, 2009-இல் 55, 2020-இல் 60, 2021-இல் 65. தலை இடிக்கும் போதெல்லாம் கூரையை உயர்த்தியிருக்கிறோம்.

[காட்சி: பட்டர்வொர்த் பெட்ரோல் நிலையம். மைகாட் அடையாள அட்டையை இயந்திரத்தில் செருகும் கை. திரையில் 1.99.]

செலவுப் பக்கம் உங்கள் கைக்கு வந்த மாற்றம் இது. 2025 செப்டம்பர் 30-இல் குடிமக்களுக்கு ரான்95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளிக்கு வந்தது, தொடங்கியபோது மாதம் 300 லிட்டர் வரை. அதற்கு முன்பு 2.05-க்கு யார் வேண்டுமானாலும் போட்டுக்கொண்டு போனார்கள், வெளிநாட்டவர் உட்பட. டீசலுக்கு 2024 ஜூன் 10-இலேயே தீபகற்பத்தில் விலை 2.15-இலிருந்து 3.35-க்குத் தாவியது. பெட்ரோலில் அப்படிச் செய்யத் துணிச்சல் வரவில்லை. விலையைக் குறைத்தே மானியத்தை மாற்றியது சாமர்த்தியமான அரசியல். மிச்சப்படும் பணமும் அதற்கேற்ற அளவில்தான் இருக்கும்.

வரவுப் பக்கம்தான் என் பெரிய கவலை. 2009-இல் அரசாங்க வருமானத்தில் 10-க்கு 4 வெள்ளி எண்ணெயிலிருந்து வந்தது. இப்போது 2 வெள்ளிக்கும் கீழ். அந்த இடத்தை நிரப்ப 2015 ஏப்ரலில் பொருள் சேவை வரியான ஜிஎஸ்டி வந்தது. 2017-இல் மட்டும் 44 பில்லியன் கொடுத்தது. மக்கள் கடுப்பில் 2018-இல் அதை எடுத்தார்கள். பழைய விற்பனை, சேவை வரியான எஸ்எஸ்டி திரும்பி வந்தது, அது கொண்டுவந்தது மிகக் குறைவு. ஜிஎஸ்டியை நான் ஆதரிக்கிறேன் என்று சொன்னால் வீட்டிலேயே சண்டை வரும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். இப்போது செய்வது சேவை வரியை 6-இலிருந்து 8 ஆக்குவது, எஸ்எஸ்டியை 2025 ஜூலையில் விரிப்பது. அதே வேலையைச் சில்லறையாகச் செய்கிறோம்.

[திரை: ‘சட்டம் 850’.]

2023-இல் நிதிப் பொறுப்புச் சட்டம் நிறைவேறியது. பற்றாக்குறை 3 விழுக்காட்டுக்குள், கடன் 60-க்குள், உத்தரவாதம் 25-க்குள், மேம்பாட்டுச் செலவு குறைந்தது 3. சில வருடங்களில் இந்த அளவுகளை எட்ட வேண்டும்.

2026 பட்ஜெட்டில் அதே கழித்தலைப் போடுங்கள். வருமானம் 343.1 பில்லியன், நிர்வாகச் செலவு 338.2. மிஞ்சுவது 4.9. போன வருடம் 4.7. மாற்றமே இல்லை! ஆனால் பற்றாக்குறை இலக்கு 3.8-இலிருந்து 3.5 ஆகிறது. காரணம், பொருளாதாரம் கொஞ்சம் பெருக்கிறது, மேம்பாட்டுச் செலவு 86-இலிருந்து 81 ஆக வெட்டப்பட்டிருக்கிறது.

நிதியமைச்சராகவும் இருக்கும் பிரதமர் அன்வார் 470 பில்லியன் என்று அறிவித்ததும் அந்தப் பட்ஜெட்தான். அரசாங்கக் கணக்கில் உள்ளது 419.2. மீதி 50 பில்லியனை அரசு சார்ந்த முதலீட்டு நிறுவனங்களும் மற்ற அமைப்புகளும் தனியார் கூட்டுத் திட்டங்களும் செலவழிக்கும். அது பற்றாக்குறையில் ஏறாது. கோலாலம்பூர் எம்ஆர்டி ரயிலுக்கும் இப்படித்தான், அரசாங்க நிறுவனமான டானாஇன்ஃப்ரா அரசாங்க உத்தரவாதத்தோடு கடன் எழுப்பியது, அது 64 விழுக்காட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறது. நம் பினாங்கின் முத்தியாரா எல்ஆர்டி ரயிலும் இப்போது கூட்டரசுத் திட்டம். அதன் செலவு பட்ஜெட் புத்தகத்தில் எந்தப் பத்தியில் விழுகிறது, மேம்பாட்டிலா உத்தரவாதத்திலா என்று அடுத்த பட்ஜெட் நாளில் நான் தேடப் போகிறேன். கிடைத்ததும் அதற்குத் தனி வீடியோ.